ஞாயிறு மதியம் ஜூலை வரை புக் ஆகிவிட்டது

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட வேண்டும் என்று அம்மா சொன்னார். தாம்பரத்தைச் சுற்றி இல்லங்களுக்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டேன். மறுமுனையில் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஞாயிறு மதியம் ஜூலை வரைக்கும் புக் ஆயிடுச்சு மேடம். சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மூணு இருக்கு. வார நாள்னா காலை டிபன் தரலாம்" என்றார்கள். அப்போது பிப்ரவரி மாதம். கல்யாண மண்டபத்துக்குத்தான் இப்படி முன்கூட்டியே நாள் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சரி, டிபனே தருகிறோம் என்று சொல்லி போனை வைத்தேன்.

நம் ஊரில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் ஏதோ ஒரு இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பையனுக்கு முதல் பிறந்தநாள், மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம், மகளுக்கு மருத்துவ சீட்டு, தாத்தாவின் நினைவு நாள், எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. சாப்பாடு போடுகிறவர்களைக் கேலி செய்ய இதை எழுதவும் இல்லை. ஆனால் அந்த டைரி மனதை விட்டுப் போக மறுத்தது. கொடுப்பதற்கு இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், அங்கே உண்மையில் எதற்குத்தான் தட்டுப்பாடு?

அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இட்லிப் பாத்திரத்தோடு போன அன்றே கிடைத்தது. நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னதும் நிர்வாகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மேடம், இந்த 10பிடி ஃபைல் பண்ணத் தெரியுமா?" அந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு வரி: 80ஜி வரிச்சலுகைக்குப் பதிவு செய்த அமைப்புகள், தங்களுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை வருடா வருடம் மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நிர்வாகியின் மேசையில் ரசீதுப் புத்தகங்கள் ஒரு சாக்குப்பை நிறைய இருந்தன. ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தன்னார்வச் சேவை என்று மனதில் ஒரு படம் வைத்திருப்போம் அல்லவா, மடியில் ஒரு குழந்தை, கையில் கதைப் புத்தகம் என்று? எனக்கு வாய்த்தது பான் எண்களை எக்செல்லில் ஏற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன்.

கரண்ட் பில்லுக்குப் பிறந்தநாள் கிடையாது

அலுவலக அறையின் ஜன்னல் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து இருந்தது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அதே நாடகத்தின் புதிய காட்சியைப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு இரண்டு கார்கள் வரும். பிரியாணி அண்டா இறங்கும். பிள்ளைகள் உயரவாரியாக வரிசையில் நிற்பார்கள். இறைவணக்கம், அப்புறம் ஒரு நடனம். பத்து வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்து, "எங்களை வாழ்த்த வந்திருக்கும் அன்பு உள்ளங்களே" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் நன்றியுரை சொல்லுவாள். வந்தவர்களில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த உரை போன வாரமும் அதுதான், அடுத்த வாரமும் அதுதான். பிறகு கேக். வந்த வீட்டுப் பையன் மெழுகுவத்தியை ஊத, அறுபது பிள்ளைகள் கைதட்டி அவன் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். பாட்டில் பெயர் வரும் இடத்தில் வாரம் ஒரு புதுப் பெயரை வைத்துப் பாடுவதில் அவர்களுக்கு நல்ல தேர்ச்சி. பெயர் நீளமாக இருந்தால் ராகத்தை இழுத்துச் சமாளித்துவிடுவார்கள்.

பிள்ளைகள் இதனால் வாடிப்போய் இருந்ததாக எழுதினால் அது பொய். அவர்கள் கறாரான விமர்சகர்கள். எந்த அண்டாவில் பீஸ் அதிகம், எந்த வீட்டு கேசரியில் முந்திரி இல்லை என்றெல்லாம் என்னிடம் வந்து ஒப்பிப்பார்கள். ஞாயிறு மதியம் சாப்பாடு மிஞ்சி, திங்கட்கிழமை வயிற்றுக்கோளாறோடு இரண்டு பேர் பள்ளிக்குப் போகாமல் படுத்திருப்பதும் உண்டு. அதுவும் அவர்களுக்கு ஒரு சிரிப்புக் கதைதான்.

சாப்பாட்டுக் கணக்கு நிரம்பி வழிந்தது. மற்ற பக்கங்களைப் புரட்டினால் கதை வேறு. சம்பளம் என்ற தலைப்பில் இரண்டு மாத பாக்கி. மின்கட்டணம், வாடகை வேன், மருந்து, வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கான நாப்கின், இதெல்லாம் நிர்வாகி அங்கே இங்கே புரட்டிச் சமாளித்தவை. கரண்ட் பில்லுக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. சாப்பாட்டுக்குப் பதில் அதே தொகையைப் பணமாகத் தர முடியுமா என்று கேட்டால் பாதிப் பேரின் முகம் மாறிவிடுகிறது. "பணம்னா எங்க போகுதுன்னு தெரியாதே" என்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்கள் போகும்போது பிரியாணிக்கு 80ஜி ரசீது கேட்பார்கள். பொருளாகக் கொடுப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான் உண்டு, ரொக்கமென்றால் அதுவும் 2,000 ரூபாய் வரைதான் என்று விளக்குவது என் வேலையாகிப் போனது.

பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு ஆள். ஒரு குழந்தைக்கு ஜுரம் விடவில்லை என்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால், சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி, மருந்து வாங்கித் திரும்ப ஒரு ஆளின் முழு நாள் போய்விடும். அந்த ஆள் வார்டன் என்றால், மிச்சம் இருக்கும் அறுபது பேரை அன்றைக்குச் சமையல்காரம்மாதான் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் வருகிறேன் என்று சொன்ன தன்னார்வலர்களை நான் அங்கே அதிகம் பார்க்கவில்லை. கம்பெனிகளிலிருந்து ஒரே நிறப் பனியன் போட்டுக்கொண்டு கூட்டமாக வருவார்கள், சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைவார்கள். 2014 ஏப்ரலிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த 2 சதவீதத்தில் வார்டன் சம்பளமும் அடங்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றும். வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்கலாம். சம்பள பாக்கி தீர்ந்ததைப் படம் எடுக்க முடியாது.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்களை யாராவது உட்கார்ந்து எண்ணினால் சிறையில் இடம் போதாது. என் தோழி ஒருத்தி வேறொரு இல்லத்தில் பாடம் சொல்லித்தரப் போனாள். போனைப் பையில் வைக்கச் சொன்னார்கள், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். "உதவி பண்ணப் போனா என்னைத் திருடி மாதிரி பாக்கறாங்க" என்று பொருமினாள். எனக்கு அந்த இல்லத்தின் மேல் மரியாதை வந்தது. மாமல்லபுரத்தில் இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்பட்ட செய்தி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2017 மே மாதம்தான் தீர்ப்பு வந்தது. நாட்டில் உள்ள எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், கண்காணிக்கப்பட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கண்டிப்பாகச் சொன்னது. பிள்ளைகள் மேல் பாசம் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றிருந்த காலத்தின் விளைவுகள் அதில் இருக்கின்றன. கேள்வி கேட்காமல் கதவைத் திறக்கும் இல்லத்தைப் பார்த்தால்தான் இப்போது எனக்கு பயமாக இருக்கிறது.

வராந்தாவில் ஒரு அம்மா

ஒரு ஞாயிறு, உள்ளே கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. அலுவலக அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். காலடியில் ஒரு கட்டைப்பை. வந்திருக்கும் குடும்பத்தில் ஒருவர், வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்து, "உள்ள சாப்பாடு போட்டுட்டிருக்காங்க, போகலையாம்மா?" என்றேன். "பொண்ணப் பாக்க வந்தேன் மேடம். அவங்க போனதும் விடறேன்னாங்க" என்றார். யார் பொண்ணு என்று கேட்டேன். ஜன்னல் வழியே கை காட்டினார். நன்றியுரை சொல்கிற பெண்.

மகள் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள். "தாயாகவும் தந்தையாகவும் இருந்து எங்களைக் காக்கும்" என்று அந்த உரையில் ஒரு வரி வரும். நன்கொடையாளர்களைப் பார்த்துச் சொல்கிற வரி அது. அம்மா இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. பெருமைதான் இருந்தது. "நல்லா பேசறா இல்ல மேடம்? ஸ்கூல்லயும் இவளத்தான் பேச விடறாங்க" என்றார். எனக்குத்தான் எக்செல்லில் கண் நிலைக்கவில்லை.

கார்கள் கிளம்ப மணி இரண்டானது. அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த குடிசையை எடுத்தபோது அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கணவர் இல்லை. இறந்துவிட்டாரா விட்டுப் போய்விட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை, பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். "பொம்பளப் புள்ளய ராத்திரி தனியா பூட்டிட்டுப் போக முடியுமா மேடம்? ஒரு நாள் பக்கத்து வீட்ல விட்டேன். மறுநா அவங்க மூஞ்சியே சரியில்ல. அதான் இங்க சேத்தேன்." அவ்வளவுதான் காரணம். பசி காரணமில்லை, பள்ளிக்கூடம் காரணமில்லை. ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதற்காக அவள் வருடம் முழுவதும் அம்மாவைப் பிரிந்திருந்தாள்.

அன்று மாலை வருகைப் பதிவேட்டை எடுத்து நிர்வாகியிடம் கேட்டேன். அறுபது பேரில் யாருமே இல்லாத பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள்தான். மற்றவர்களுக்கு அம்மா உண்டு, சிலருக்கு அப்பா, சிலருக்குப் பாட்டி. அவர் இதைச் சாதாரணமாகச் சொன்னார், அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் நாடு முழுக்க 9,500க்கும் மேற்பட்ட இல்லங்கள், சுமார் 3.7 லட்சம் பிள்ளைகள். அதிலும் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களைவிட ஒற்றைப் பெற்றோரின் பிள்ளைகள் அதிகம். சட்டமே குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் ஏழை அம்மாவுக்கு அது முதல் வழியாக இருக்கிறது, மற்ற வழிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜூலை வரை டைரியை நிரப்புகிற நம்முடைய இரக்கமும் அந்த ஒரு கதவின் முன்னால்தான் போய்க் குவிகிறது.

இல்லங்களே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், உண்மையிலேயே யாருமில்லாதவர்கள் இருக்கிறார்கள். 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது, எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத பெண் குழந்தைகளுக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் ராத்திரி ஷிஃப்டுக்கு மருந்து இல்லம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எட்டாயிரம் ரூபாய்

எனக்குத் தெரிந்தது படிவம் நிரப்புவது. அதனால் அங்கிருந்தே தொடங்கினேன். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பகுதி உண்டு. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தருவார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் தயார். வருமானச் சான்றிதழில் வந்து நின்றது. நகர்ப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 8,000. அந்த அம்மாவுக்குப் பிடித்தம் போகக் கையில் வருவது 11,000 சொச்சம். பி.எஃப். பிடிக்கிற வேலை என்பதால் மறைக்கவும் முடியாது, மறைக்கச் சொல்கிற எண்ணமும் எனக்கு இல்லை. நேர்மையாகச் சம்பள ரசீது வைத்திருக்கிறவள் தகுதி இழக்கிறாள். சென்னையைச் சுற்றி மாதம் 8,000 ரூபாயில் ஒரு தாயும் மகளும் எப்படி வாழ்வார்கள் என்று அந்த வரம்பை வைத்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினால் நான் இலவசமாகத் தணிக்கை செய்து தருகிறேன். தமிழக அரசு 2025 செப்டம்பரில் கொண்டுவந்த அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ளவர்களுக்குமான திட்டம் அது. நல்ல திட்டம். உடம்பில் தெம்போடு ராத்திரி வேலைக்குப் போகிற அம்மா அதற்குள்ளும் வரவில்லை.

ஆனால் அந்த அலைச்சலில் வேறு சிலருக்கு வேலை முடிந்தது. இல்லத்துக்கு வந்துபோகும் அம்மாக்களில், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் சிலரின் வருமானம் வரம்புக்குள் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று சான்றிதழ் மேலே ஏற எத்தனை நாளாகும், எந்த இ-சேவை மையத்தில் இணைப்பு ஒழுங்காக இருக்கும், இதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். இதைச் சேவை என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கைதட்டல் கிடையாது, நன்றியுரை கிடையாது. ஒரு அம்மா, பணம் ஏறிய மெசேஜைக் காட்டிவிட்டு, "ஏன்க்கா இந்த மாசம் நாலு நாள் லேட்டு?" என்று என்னைத்தான் அதட்டினார். அந்த அதட்டல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நன்கொடை வாங்குகிறவர் அப்படிக் கேட்க மாட்டார். உரிமை உள்ளவர்தான் கேட்பார்.

நன்றியுரைப் பெண்ணின் விஷயம் வேறு வழியில் நகர்ந்தது. அதில் என் பங்கு கொஞ்சம்தான். அம்மா ஒப்பந்தக்காரரிடம் விடாமல் கேட்டுக் கேட்டுப் பகல் ஷிஃப்ட் வாங்கினார். அதில் மாதம் ஆயிரம் ரூபாய் குறையும், பரவாயில்லை என்றார். பகல் ஷிஃப்டும் ஏழரைக்குத்தான் முடிகிறது, பெரும்பாக்கம் வந்து சேர எட்டரை. பள்ளி விடுவதோ நாலு மணி. அந்த நாலரை மணி நேரத்துக்கு ஒரு வழி சொன்னால்தான், இல்லத்துப் பிள்ளைகள் எங்கே வளர்வது என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழு முன்னால் போய்ப் பிள்ளையைக் கேட்க முடியும். அதே குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறக்கட்டளை மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். எட்டரை வரை திறந்து வைக்க முடியுமா என்று கேட்டோம். "இடம் இருக்கு, ஆள் இருந்தா வைக்கலாம்" என்றார்கள். மறுபடியும் அதே பதில். ஆள்.

அங்கே பாடம் சொல்லித்தருகிறவர் அதே பிளாக்கில் குடியிருக்கும் ஒரு பட்டதாரிப் பெண். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு வேலை பார்த்தவர். மாநிலம் முழுக்க அப்படிச் சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். காரில் வந்து இறங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு வராத ஒன்று அவருக்கு வருகிறது. ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டுவார். எந்த வீட்டில் நேற்று சண்டை, எந்தப் பிள்ளைக்கு இன்று வீட்டுப்பாடம் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். நான் அவருக்கு உதவியாள், அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பது, பென்சில் சண்டைகளைத் தீர்ப்பது, எட்டரைக்கு யார் அம்மா வரவில்லை என்று பார்ப்பது. பல நாள் அலுப்பாக இருக்கும். மனம் உருகுவதெல்லாம் அங்கே நடப்பதில்லை. எப்போது மணி எட்டரையாகும் என்று நானும் பிள்ளைகளும் சேர்ந்தே கடிகாரத்தைப் பார்ப்போம்.

போன மாதம் என் சித்தப்பா பையன் போன் செய்தான். மகனுக்கு முதல் பிறந்தநாளாம். "அக்கா, உனக்குத் தெரிஞ்ச நல்ல ஹோம் இருந்தா சொல்லேன், ஒரு வேளை சாப்பாடு போட்டுடலாம்." மாலை வகுப்பைப் பற்றிச் சொன்னேன், வாரத்தில் ஒரு நாள் ஆறரையிலிருந்து எட்டரை வரை கணக்கு சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். அவன் என்ஜினியர், வீடு மேடவாக்கம்தான், பைக்கில் சீக்கிரம் வந்துவிடலாம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சாப்பாடுன்னா ஈஸியா இருக்கும்க்கா" என்றான். எனக்கும் அவன் மேல் கோபமில்லை. எளிதுதான் அது. மறுநாள் அவன் மனைவி கூப்பிட்டாள், அவள் வருகிறாளாம், செவ்வாய்க்கிழமை தோதுப்படுமா என்று கேட்டாள். அந்தப் பெண் பிள்ளையின் மனு குழந்தைகள் நலக் குழுவில் இருக்கிறது, பள்ளி ஆண்டு முடிந்ததும் அழைத்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வாரத்தின் எல்லா நாளும் எட்டரை வரை திறந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கள், செவ்வாய், வெள்ளிக்கு ஆள் இருக்கிறது. வியாழன் நான். புதன் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.